வீட்டு மீன்தொட்டியில் திசைமாறும் நீரோட்டம்

காலும் துடுப்பும் இல்லாமல், ஒட்டிக்கொண்ட பாறையைவிட்டு ஆயுள் முழுவதும் ஓர் அங்குலமும் நகராமல் வாழ்கின்ற ஜீவன் பவளம். அதற்கு வேண்டிய ஆகாரத்தையும் பிராணவாயுவையும் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து சேர்ப்பதும், அது கழிக்கின்ற கழிவையும் அதன்மேல் படிகின்ற வண்டலையும் அப்புறப்படுத்துவதும், அதன் சந்ததியைத் தூரதூரங்களுக்குச் சுமந்து செல்வதும் அதைச் சுற்றி ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் நீரே. ஆகையால், வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்து, அதில் உப்புநீர் நிரப்பிக் கடல்வாழ் ஜீவராசிகளை வளர்க்க விரும்புகிறவர், விளக்கின் ஒளியைப் பற்றியும் உப்பின் அளவைப் பற்றியும் எவ்வளவு சிரத்தை கொள்கிறாரோ அவ்வளவு சிரத்தையை நீரின் சலனத்திலும் கொள்ள வேண்டியவராகிறார். நீர் ஓடுகிறது என்பது மட்டும் போதாது. அது எத்தனை திசைகளில் ஓடுகிறது, எப்போது மாறுகிறது, எங்கே ஓடாமல் நின்றுவிடுகிறது என்பவையே இதில் சூட்சுமமான விஷயங்கள். இதற்காகப் பல சிறு இயந்திரங்களை வாங்கித் தொட்டிக்குள் ஒட்டவைப்பது ஒரு வழி. எப்படியும் தொட்டிக்கு அவசியமாக இருக்கின்ற ரிட்டர்ன் பம்பின் பிரவாகத்தையே பிரித்தும், திருப்பியும், தேக்கிவிட்டும் பலவகை ஓட்டங்களாக ஆக்கிக்கொள்வது மற்றொரு வழி. இரண்டாவது வழிக்குக் கொஞ்சம் கணக்கும் நிறையப் பொறுமையும் வேண்டும். ஆனால் தொட்டிக்குள் இயந்திரங்கள் கண்ணை உறுத்தாமல் நீர் மட்டும் அசைகின்ற அழகை அது ஒன்றுதான் தரும் என்பது என் துணிபு.

நீரில் மூழ்கியிருக்கும் எந்தப் பொருளானாலும், அதன் மேற்பரப்பை ஒட்டி, அநேகமாக அசைவே இல்லாத ஒரு மெல்லிய நீர்ப்படலம் போர்த்தியிருக்கும். சற்றுத் தள்ளி நீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், இந்தப் படலத்துக்குள் பிராணவாயுவும் உப்புக்களும் ஊர்ந்து ஊர்ந்துதான் கடந்து செல்ல முடியும். ஓட்டம் மந்தமாக இருந்தால் படலம் தடிக்கிறது. ஓட்டம் விறுவிறுப்படைந்தால் படலம் மெலிகிறது. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் பகலில் வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை சமைக்கும்போது தேவைக்கு மிஞ்சிய பிராணவாயுவை வெளியிடுகின்றன. அது உடனுக்குடன் வெளியேறாவிட்டால் பவளத்துக்கே தீங்கு. இரவிலோ நிலைமை தலைகீழாகிறது: பாசிகள் ஓய்ந்துவிட, பவளமும் மீனும் நீரிலுள்ள பிராணவாயுவையே நம்பியிருக்க வேண்டும். வெதுவெதுப்பான கடல்நீர் ஒரு லிட்டரில் 7 மில்லிகிராம் பிராணவாயுவைக்கூடத் தாங்குவதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சொற்ப நிதியைப் பவளத்தின் தோல்வரை கொண்டு சேர்க்கிற ஓட்டத்தின் மகிமை விளங்கும். 1998-ஆம் ஆண்டில் கடல் அளவுக்கு மீறிச் சூடேறி உலகின் பல பாகங்களில் பவளங்கள் வெளுத்து மடிந்தபோது, சிலவிடங்களில் அவை பிழைத்திருந்ததற்கு நீரோட்டமும் ஒரு காரணம் என்பதை ஒகினாவாப் பவளங்களைக் கொண்டு ஆராய்ந்து, நகமுரா, வான் வோசிக் என்னும் இரு விஞ்ஞானிகள் 2001-இல் எழுதினார்கள். ஒரே வெப்பத்தில், ஓட்டம் மிகுந்த நீரிலிருந்தவை தாங்கின. மந்தமான நீரிலிருந்தவை வெளுத்தன.

ஆனால் கடலின் ஓட்டம் ஏகரீதியானது அன்று. 1836-இல் கீலிங் தீவுகளில் இறங்கிப் பவளத்திட்டுகளைப் பார்வையிட்ட சார்லஸ் டார்வின், அலைகள் மோதி உடைகின்ற வெளிவிளிம்பிலேயே பவளங்கள் செழிப்பாக வளர்வதைக் கண்டு வியந்து, 1842-இல் வெளியிட்ட தம் நூலிலும் அதை விவரித்தார். அந்த விளிம்பில் நீர் ஒரு திசையில் பாய்வதில்லை. அலை வரும்போது முன்னே தள்ளி, அலை திரும்பும்போது பின்னே இழுத்து, சில விநாடிகளுக்கு ஒரு முறை ஊசலாடுகிறது. அதற்கு மேல், ஏற்றவற்றத்தின் காரணமாக மணிக்கணக்கில் மாறுகின்ற பெரிய ஓட்டம் ஒன்று; காற்றின் போக்குக்கேற்பப் பருவந்தோறும் மாறுகின்ற ஓட்டம் வேறொன்று. இந்த ஓட்டங்களின் சுவடு பவளத்தின் வடிவத்திலேயே பதிந்திருக்கும். போசில்லோபோரா என்னும் ஒரே இனப் பவளம், அலை அடிக்கும் இடத்தில் கிளைகள் தடித்து நெருங்கிக் குட்டையாகவும், அமைதியான உட்கழியில் கிளைகள் மெலிந்து அகன்று நீண்டும் வளர்வதைக் காணலாம்.

இத்தகைய ஜீவனைக் கொண்டுவந்து, ஒரு மூலையிலிருந்து ஒரே குழாய் ஒரே திசையில் பீய்ச்சிக்கொண்டிருக்கும் தொட்டியில் வைத்தால் என்ன நேரும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழாய்வாய்க்கு எதிரே இருக்கும் பவளத்தின் சதை நாளடைவில் உரிந்து வெள்ளை எலும்பு தெரியும். அதே கல்லின் மறுபக்கத்தில், ஓட்டம் எட்டாத நிழலில், மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் சாம்பல்நிறத் துகளாகக் குவியும். சில வாரங்களில் அந்தக் குவியலின்மேல் கருஞ்சிவப்பான வழவழப்புப் படலம் ஒன்று ஏறும். விரலால் தொட்டால் துணிபோல் உரிந்து வரும் அது, மந்தமான நீரை விரும்புகின்ற நீலப்பசும்பாசி வகை. பம்பின் பலம் குறைவு என்று எண்ணி இன்னும் பெரிய பம்பை அதே குழாயில் மாட்டினால், எதிரே இருப்பது இன்னும் வேகமாக உரியும். மறுபுறத்துக் குவியல் அப்படியே கிடக்கும். குறை பலத்தில் இல்லை, திசையில் இருக்கிறது.

ரிட்டர்ன் பம்பு என்பது எது என்று அறியாதவர்களுக்கு அதைச் சொல்லிவிடுவது நல்லது. நம் வீடுகளில் தரைக்குக் கீழே சம்ப் ஒன்றும் மொட்டைமாடியில் தொட்டி ஒன்றும் இருக்க, கீழிருந்து மேலே நீரை மோட்டார் ஏற்றுகிறதே, ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான் பெரிய மீன்தொட்டிகளிலும் இருக்கிறது. அங்கும் அதன் பெயர் சம்ப்தான். காட்சித்தொட்டியின் விளிம்பை மீறி வழிகின்ற நீர் குழாய் வழியே கீழே மேசைக்கடியிலுள்ள சம்ப்புக்கு இறங்கி, அங்கே வடிகட்டியையும், நுரையாக அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் கடந்து, சுத்தமடைந்து நிற்க, அதை மறுபடி மேலே அனுப்புவது ரிட்டர்ன் பம்பு. இரவு பகல் ஓயாமல் ஓடவேண்டிய பம்பு இது. 40 வாட் பம்பு ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் செலவழிக்கும். சம்ப்பில் மூழ்கி ஓடுகிற பம்பானால், அந்தச் சக்தி முழுவதும் கடைசியில் நீரில் வெப்பமாகவே முடியும் என்பதை உஷ்ணப் பிரதேசத்தில் வாழ்கிற நாம் மறக்கலாகாது.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர்; கல்லும் மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 200 லிட்டர் நீர் நிற்கும் என்று கொள்ளலாம். சுத்திகரிப்புக்கு மட்டுமானால், தொட்டி நீரைப்போல் ஐந்து மடங்கு, அதாவது மணிக்கு 1,000 லிட்டர், சம்ப் வழியாகச் சுற்றிவந்தால் போதும். ஆனால் கல்பவளங்களுக்கு வேண்டிய சலனம் மணிக்கு இருபது மடங்கும் அதற்கு மேலும் என்பது அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் அளவு. அப்படியானால் 4,000 லிட்டர். பம்பின் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண் நீரை உயர்த்தாதபோது கிடைக்கும் எண் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதிகபட்சம் 3 மீட்டர் உயரத்துக்கே நீரை ஏற்றவல்ல பம்பு, 1½ மீட்டர் ஏற்றும்போது பெட்டியில் கண்ட அளவில் ஏறக்குறைய பாதியையே தரும். ஒவ்வொரு எல்போவும் ஒவ்வொரு வால்வும் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். குழாய்க்குள் நீரின் வேகம் இரண்டு பங்கானால் உராய்வின் இழப்பு நான்கு பங்காகிறது. ஆகவே, முக்கால் அங்குலக் குழாய்க்குப் பதில் ஒரு அங்குலக் குழாய் போடுவதற்கு ஆகும் சொற்பச் செலவு, பெரிய பம்பு வாங்குவதைவிட மேலான முதலீடு.

ஓட்டத்தின் முதல் உபாயம் பிரித்தல். மேலே ஏறும் குழாயில் டீ என்னும் கிளை இணைப்பு ஒன்றை வைத்து, தொட்டியின் பின்புறத்து இரு மூலைகளிலும் இரு வாய்களைத் திறந்து, இரண்டும் முன்கண்ணாடியின் நடுவை நோக்கும்படி திருப்பிவிட்டால், இரு பிரவாகங்களும் சந்திக்கின்ற இடத்தில் நீர் குழம்பி, மேலும் கீழும் பக்கமும் சிதறிப் பரவும். நீர் எப்போதும் சுலபமான வழியையே தேடுவதால், இரு கிளைகளும் நீளத்திலும் திருப்பங்களிலும் சமமாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கிளையிலும் ஒரு பால் வால்வு வைத்துச் சரிசெய்து கொள்ளலாம். அப்படி வால்வைச் சற்றே மூடுவதால் இத்தகைய சுழல்விசைப் பம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. மூன்றாவது கிளை ஒன்றை எடுத்து, துளைகளிட்ட குழாயாகக் கற்களுக்குப் பின்னே அடித்தளத்தில் கிடத்தினால், முன்பு சொன்ன சாம்பல்நிறக் குவியலுக்கு இடமே இல்லாமற் போகும். துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் குறுக்குப் பரப்பைவிடக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால்தான், முதல் துளையிலும் கடைசித் துளையிலும் நீர் ஒத்த வேகத்தில் வரும். பாய்கின்ற தாரை தன்னைச் சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு செல்வதால், தொட்டிக்குள் உண்மையில் அசைகின்ற நீர் பம்பு தருவதைப்போல் பல மடங்கு ஆகிறது என்பதும் ஓர் ஆறுதலான செய்தி. எடக்டர் என்னும் புனல்வடிவ நாசில் இந்தத் தத்துவத்தையே பயன்படுத்துகிறது: குறுகிய வாயிலிருந்து வேகமாகப் பாயும் ஒரு பங்கு நீர், பக்கத்துத் திறப்புகளின் வழியே மூன்று நான்கு பங்கு நீரை உடன் இழுத்துச் செல்லும். ஆனால் அழுத்தம் மிகுந்த பம்பு இல்லாமல் எடக்டரை மாட்டுவது வீண்.

பிரித்தலால் பல திசைகள் கிடைக்கும்; மாற்றம் கிடைக்காது. மாற்றத்துக்காகப் பம்பையே நிறுத்தி நிறுத்தி ஓட்டலாமே என்று தோன்றும். ரிட்டர்ன் பம்பை மட்டும் அவ்வாறு செய்யக் கூடாது. அது நின்ற ஒவ்வொரு முறையும் சம்ப்பில் நீர்மட்டம் உயரும், ஓடிய ஒவ்வொரு முறையும் தாழும். மட்டம் மாறினால் ஸ்கிம்மர் தன் வேலையில் தடுமாறிவிடும். பம்பு ஒரே சீராக ஓட, அதன் நீரை மட்டும் இடமும் வலமுமாக மாற்றி அனுப்புவதே சரியான முறை. இதற்கென்று, தன் வழியே ஓடும் நீரின் விசையாலேயே பற்சக்கரங்கள் சுழன்று, சில விநாடிக்கு ஒருமுறை ஒரு வாயை அடைத்து மறு வாயைத் திறக்கும் இருவழி மாற்றிகள் உண்டு. மின்மோட்டாரால் திரும்பும் மூன்றுவழி வால்வுகளும் உண்டு. ஒரு வாய் அடைபடும்போது முழு நீரும் மறு வாயில் பாய்வதால், பம்பின் முழு வேகமும் முறை வைத்து ஒவ்வொரு மூலைக்கும் கிடைக்கிறது. கடலின் ஊசலாட்டத்துக்கு இது மிகவும் அணுக்கமானது. குழாயின் நுனியில் பொருத்தும் சுழலும் நாசில் இன்னும் எளியது. நீரின் தள்ளுதலாலேயே அது மெல்லத் திரும்பிக்கொண்டிருக்க, தாரை கல்லுக்குக் கல் தாவிச் செல்லும். அது தன்னை நோக்கி வரும் கணத்தில் கடற்சாமந்தியின் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்வதும், விலகியதும் நிமிர்ந்து எல்லாத் திசையிலும் விரிவதும், அவற்றினூடே ஒளிந்திருக்கும் கோமாளிமீன் அசைவுக்கேற்ப உடலைத் திருப்பிக்கொள்வதும் மணிக்கணக்கில் பார்த்தாலும் தெவிட்டாத காட்சி.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்த உபாயம், ஹவாயிலுள்ள வைக்கிக்கி மீன் காட்சிச்சாலையில் புரூஸ் கார்ல்சன் உருவாக்கிய அலைப்பெட்டி. அதில் அசையும் உறுப்பே கிடையாது. தொட்டிக்கு மேலே ஒரு பெட்டியை வைத்து, பம்பின் நீரை அதில் விழவிடுவார்கள். பெட்டிக்குள்ளிருந்து மேலெழுந்து வளைந்து தொட்டிக்குள் இறங்குகின்ற அகன்ற குழாய் ஒன்று இருக்கும். நீர் அந்த வளைவின் உச்சியைத் தாண்டி ஏறும்வரை ஒன்றும் நிகழாது. தாண்டிய மாத்திரத்தில், வாயால் உறிஞ்சித் தொடங்கிய இரப்பர்க் குழாயில் எண்ணெய் இறங்குவது எந்த நியதியால் நிகழ்கிறதோ அதே நியதியால் பெட்டியின் நீர் முழுவதும் இரைச்சலுடன் தொட்டிக்குள் பாய்ந்து, அடியில் காற்று புகுந்ததும் சட்டென்று நின்றுவிடும். மறுபடி பெட்டி நிரம்பத் தொடங்கும். நிமிஷத்துக்கு 20 லிட்டர் தரும் பம்பானால், 20 லிட்டர்ப் பெட்டி நிமிஷத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ நிரம்பி, சில விநாடிகளில் காலியாகும். மெலிந்த ஓட்டமொன்றைச் சேமித்து வைத்து, ஒரே வீச்சில் செலவிடுவதால், சிறிய பம்புகூட அலையின் பலத்தை அடைகிறது. வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தில் பவளத்திட்டு ஒன்றையே உள்ளறையில் உருவாக்கிய வால்டர் ஏடி, நிரம்பியதும் கவிழ்கின்ற வாளியைக் கொண்டு இதே பயனைப் பெற்றார். அலைப்பெட்டிக்குச் சில இடர்ப்பாடுகளும் உள்ளன. நான் கணக்கிட்ட தொட்டியில் 20 லிட்டர் ஒருமிக்க விழுந்தால் நீர்மட்டம் மூன்றரை சென்டிமீட்டருக்குமேல் உயரும். அதற்கு விளிம்பில் இடம் வேண்டும். குமிழிகளும், உப்புத் துளிகளின் தெறிப்பும், நிமிஷத்துக்கொரு முறை எழும் ஓசையும் கூடத்தில் உறங்குகிறவர்களுக்குப் பிடிக்காமற் போகலாம். தனி அறை வாய்த்தவர்கள் இதை அவசியம் செய்துபார்க்க வேண்டும்.

இனி அபாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்வெட்டு இயல்பாக இருக்கும் ஊர்களில் இதுவே முதல் விஷயம். பம்பு நின்றதும், நீருக்குள் மூழ்கியிருக்கும் குழாய்வாய் எதிர்த்திசையில் உறிஞ்சத் தொடங்கி, வாயின் மட்டம் வரையில் தொட்டி நீரைச் சம்ப்புக்குள் இறக்கிவிடும். மேற்சொன்ன தொட்டியில் வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் இறங்கும் நீர் சுமார் 28 லிட்டர். நாம் கற்களுக்குப் பின்னே கிடத்திய துளைக்குழாயானால், தொட்டியில் பெரும்பகுதி இறங்கித் தரையெல்லாம் கடலாகிவிடும். நீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை நம்பியிருப்பது பேதைமை. சுண்ணாம்புப் படிவும் ஒரு சிறு நத்தையும் போதும், அது முழுமையாக மூடாமலிருக்க. ஒவ்வொரு கிளைக்குழாயிலும் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சிறு துளையிட்டால், மட்டம் இறங்கியதும் அத்துளை வழியே காற்று புகுந்து உறிஞ்சுதல் அறுபடும். அந்தத் துளையும் பாசியால் அடைபடுமாதலால் வாரந்தோறும் குச்சியால் குத்திவிட வேண்டும். இவற்றையெல்லாம் செய்தபின், நல்ல வெளிச்சத்தில், பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, சம்ப்பில் நீர் எதுவரை உயர்கிறது என்று பார்த்து, வழியாமல் நிற்க இடமுண்டு என்று திருப்தியடைந்த பிறகே, பம்பு ஓடும்போது சம்ப்பில் இருக்கவேண்டிய உச்ச மட்டத்தைக் கோடிட்டு வைக்க வேண்டும்.

பவளத்தைப் பற்றி இவ்வளவு பேசியபின் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் கல்பவளங்கள் யாவும் 2001 முதல் வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிருள்ளதையோ இறந்ததையோ கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பவளத்திட்டுகள் ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டியெடுக்கப்பட்ட வரலாற்றை அறிந்தவர்கள் இந்தச் சட்டத்தின் நியாயத்தை உணர்வார்கள். நான் அதை முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். ஆனால் அதனால் இந்த வித்தை நமக்குப் பயனற்றதாகிவிடவில்லை. கடல்மீன்களுக்கும் ஓட்டம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் கல்லோடு கல்லாக ஒட்டி வாழும் அயிரை இனங்களும், மிஸ் கேரளா என்று பெயர் பெற்ற அழகிய ஓடைமீனும், பிராணவாயு நிறைந்து ஓடுகின்ற நன்னீரிலேயே நிறம் பொலிந்து திகழ்கின்றன. ஒரு பக்கத்திலிருந்து பாய்ந்து மறு பக்கத்தில் ஒதுங்க இடந்தரும் ஓட்டத்தை ரிட்டர்ன் பம்பால் அமைத்துக்கொடுத்தால், அவை எதிர்நீச்சலிட்டு விளையாடுவதைக் காணலாம். நீண்ட துடுப்புகளை இழுத்துக்கொண்டு நீந்தும் ஃபைட்டர் மீனை மட்டும் இந்தத் தொட்டியில் விட்டுவிடலாகாது. அசைவற்ற வயல்நீரில் பிறந்த இனம் அது, ஓட்டத்தோடு போராடியே சோர்ந்துபோகும்.

குழாய்களை ஒட்டி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. தொட்டியின் முன்கண்ணாடியில் வெளிப்புறமாக ஓர் அளவுப்பட்டியை ஒட்டி, சிட்டிகைத் தீனியை நீரில் விட்டு, ஒரு துகள் ஒரு விநாடியில் எத்தனை சென்டிமீட்டர் கடக்கிறது என்று பல இடங்களில் பார்க்க வேண்டும். எந்த இடத்திலும் அது நெடுநேரம் ஒரே பக்கமாக ஓடாமலும், எந்த மூலையிலும் அடங்கிப் படியாமலும் இருக்கும்வரை நாசில்களைச் சிறிது சிறிதாகத் திருப்பலாம். ஒருமுறை திருப்பினால் சில நாட்கள் பொறுத்து, படிவு எங்கே சேருகிறது என்று கவனித்த பின்பே அடுத்த திருப்பம். சுழலும் நாசில்களும் மாற்றி வால்வுகளும் சுண்ணாம்புப் பாசி ஏறி இறுகிவிடும். மாதந்தோறும் அவற்றைக் கழற்றி, தண்ணீர் கலந்த வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்கு வசதியாக ஒவ்வொன்றையும் ஒட்டுப்பசையால் நிரந்தரமாக ஒட்டாமல், யூனியன் வைத்துப் பொருத்துவது உத்தமம். பம்பின் விசிறியையும் அப்போதே எடுத்துப் பார்த்துவிடலாம். அதன் அச்சில் ஏறிய படிவு சிறிதானாலும் பிரவாகத்தைக் குறைத்துவிடும். அந்தக் குறைவு அன்றாடம் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது, அளவுப்பட்டியில் தெரியும்.